ஐநேச்சுரலிஸ்ட் செயலி: புதிதாய் வந்திறங்கும் சிலந்தியைத் திருகோணமலையில் பதிய எந்தளவுக்கு உதவும்?

ஐநேச்சுரலிஸ்ட் என்பது கண்ட உயிரினத்தைப் படத்தோடு பதிந்து, மற்றவர்களின் உதவியோடு அடையாளம் காணும் கைத்தொலைபேசிச் செயலி. பெயர் கண்டுபிடிக்க இந்தச் செயலியை நம்பலாமா என்றால், அரைவாசிதான். கண்டதைத் திகதி, இடம், படத்தோடு பத்திரமாக வைத்திருக்க நம்பலாமா என்றால், தாராளமாக. இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகக் குழைத்துக்கொள்வதால்தான் எத்தனையோ சிலந்திப் பதிவுகள் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கின்றன. ஆகவே இந்த மதிப்பீட்டைச் செயலியைப் பொதுவாகப் பார்த்து எழுதவில்லை. ஒரேயொரு சிலந்தியை முன்னால் வைத்து, அதைப் பதிய இது எங்கே கைகொடுக்கும், எங்கே காலைவாரும் என்று பார்த்திருக்கிறோம்.

அந்தச் சிலந்தி பிரவுன் விடோ. விஞ்ஞானப் பெயர் லாட்ரோடெக்டஸ் ஜியோமெட்ரிகஸ். கொலம்பியாவில் கிடைத்த மாதிரியை வைத்து கோச் என்ற ஜெர்மானியர் 1841 இல் பெயரிட்டார். ஆனாலும் அதன் தாய்மண் ஆபிரிக்காதான் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர். 1935 இல் புளோரிடாவில் பதிவானது, 1995 இல் ஜப்பானில், 2003 அளவில் தென் கலிபோர்னியாவில். இன்று வெப்பமண்டலம் முழுக்க இருக்கிறது. பறந்து போய் இப்படிப் பரவவில்லை. அடுக்கிய கதிரை, பூச்சாடி, ரயர், கொள்கலன் என்று மனிதர் ஏற்றி இறக்கும் எதன் அடியிலும் ஒட்டிக்கொண்டு பயணம் போகிற இனம் இது. சீனன்குடாவில் கப்பல் சாமான் இறங்கி, உப்புவெளி, நிலாவெளி விடுதிகளுக்கு லொறி லொறியாகத் தளபாடம் போகிற ஊரில் இதை அடையாளம் காணத் தெரிந்திருப்பது நல்லது.

பெயரைப் பற்றி ஒரு சொல். ‘விதவைச் சிலந்தி’ என்று அப்படியே தமிழாக்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை. அது பூச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லவும் இல்லை, கேட்கவும் நன்றாயில்லை. முள்முட்டைச் சிலந்தி என்றால் அடையாளமும் பெயரிலேயே வந்துவிடும். இனி அப்படியே எழுதுகிறோம்.

அடையாளம் முட்டைப்பையில்தான் இருக்கிறது. ஊமத்தங்காயைச் சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சுருக்கி, பழைய தந்த நிறத்தில் தீந்தை பூசினால் எப்படியிருக்கும்? அதுதான். விட்டம் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர். மேலெல்லாம் நூலால் திரித்த குட்டிக் குட்டி முட்கள். ஒரு பைக்குள் 100 க்கு மேல் முட்டை இருக்கும். ஒரே வலையில் மூன்று நான்கு பைகள் தொங்குவதும் சாதாரணம். பழையது ஓட்டையோடு காய்ந்து கிடக்க, புதியது பக்கத்தில் பளிச்சென்று இருக்கும். வீட்டுச் சுவரில் நாம் காணும் வேறெந்தச் சிலந்தியின் பையிலும் இந்த முள் இல்லை. தாய் இல்லாமல் பை மட்டும் இருந்தாலும் படம் எடுத்துப் பதியலாம். தாய் மட்டும் இருந்து பை இல்லையென்றால்தான் தலையிடி.

ஏனென்றால் தாயின் நிறம் ஒரு நிலையில் நில்லாது. வளர்ந்த பெண்ணின் உடல் 1 முதல் 1.3 சென்ரிமீற்றர். மணல் நிறம், சாம்பல், தேயிலைச் சாயம் போன்ற பழுப்பு, சிலவேளை கறுப்புக்கு மிகக் கிட்ட. வயிற்றின் முதுகுப்புறத்தில் வெளிர்ந்த கோடுகளும் புள்ளிகளும் கோலம் போட்டதுபோல் ஓடும். கால்களில் மூட்டுக்கு மூட்டுக் கரும்பட்டை. அடிவயிற்றில் உடுக்கு வடிவக் குறி, பெரும்பாலும் செம்மஞ்சள் நிறத்தில். சிக்கல் என்னவென்றால், இதே பேரினத்தைச் சேர்ந்த லாட்ரோடெக்டஸ் எரித்ரோமெலாஸ் ஏற்கெனவே இலங்கையில் உண்டு. 1991 இல் விபரிக்கப்பட்டது. இந்தப் பேரினத்தில் குஞ்சுப் பருவச் சிலந்திகள் பொதுவாகவே வெளிர் கோடுகளோடு இருக்கும். அரைவளர்ச்சி நிலையில் உள்ள ஒன்றை நிறத்தை மட்டும் பார்த்து முள்முட்டைச் சிலந்தி என்று முடிவு கட்டினால் பிழையாகப் போகவே வாய்ப்பு அதிகம். கறுத்த முள்முட்டைச் சிலந்தியை மற்றதாகக் கருதுவதும் அதே பிழைதான்.

பேரினமே வேறான பூச்சிகளோடும் குழப்பிக்கொள்கிறார்கள். குளியலறை மூலையில் தொங்கும் சின்னச் செந்நிற வீட்டுச் சிலந்தி நெஸ்டிகோடெஸ் ரூஃபிபெஸ். அளவில் பாதிகூட இல்லை, பை வழவழப்பு. மயிர் போன்ற நீளக்கால்களோடு கூரையில் ஆடுவது குரொசோபிரைசா வகை. அதன் முட்டைக் கொத்து வாயில் இருக்கும். தட்டையான வெள்ளை வில்லை ஒன்றை அடியில் தூக்கிக்கொண்டு சுவரில் ஓடும் பெரியது ஹெட்டரோபோடா வெனட்டோரியா. வீட்டில் ஆட்கள் அலறுவது பெரும்பாலும் இதைக் கண்டுதான். இது வலையே பின்னாது. ஆசியாவிலிருந்து வாழைக்குலையோடு கப்பலேறி மற்ற நாட்டாரைப் பயமுறுத்தப் போன இனம் அது. எல்லாப் பயணமும் நம் பக்கம் நோக்கியதல்ல.

தேடும்போது முழங்காலுக்குக் கீழே தொடங்குங்கள். பிளாஸ்ரிக் கதிரையின் இருக்கைக்கு அடியிலுள்ள மடிப்பு, பூச்சாடி விளிம்பின் உட்பக்கம், மின்மீற்றர் பெட்டியின் அடிமூலை, கடைக்குப் பின்னால் அடுக்கிய சோடாப் பெட்டிகள், கராஜில் கிடக்கும் ரயர், படலைக் குழாயின் திறந்த வாய், மதிலில் கல் பெயர்ந்த ஓட்டை. வலை அழகாக இராது. தாறுமாறாகப் பின்னி, கீழே தரையைத் தொட விறைப்பான நூல்கள் இறங்கும். ஈர்க்கால் ஒரு நூலை அறுத்துப் பார்த்தால் சாதாரண ஒட்டறையைப் போல் நெகிழாது, ‘டிக்’ என்று அறும். விரலை மட்டும் விளிம்புக்குள் விடவேண்டாம். கடி பெரும்பாலும் அந்த இடத்தோடு நிற்கும் என்றாலும் நஞ்சுள்ள சிலந்திதான். கடிபட்டால் வைத்தியசாலைக்குப் போவதே சரி.

இனிப் படம். செயலியின் மதிப்பு முழுக்க இங்கேதான் தங்கியிருக்கிறது, ஆனால் செயலி இதைச் சொல்லித் தராது. நான்கு படம் வேண்டும்: பை, முதுகு, அடிவயிறு, அந்த இடத்தின் அகலப் படம். பையின் படத்தில் பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பைக்குச் சரிசமமான தூரத்தில் பிடியுங்கள். கமராவுக்குக் கிட்டப் பிடித்தால் பை சின்னதாகவும், பின்னால் பிடித்தால் பெரிதாகவும் தெரிந்து அளவு பொய்யாகிவிடும். அடிவயிறுதான் எல்லாரும் தவறவிடுவது. பகலில் இது மூலைக்குள் சுருண்டு கிடக்கும். எத்தனை படம் எடுத்தாலும் முதுகும் காலும்தான். இருட்டியபின் வலை நடுவே தலைகீழாகத் தொங்கும், அதாவது வயிறு வானத்தைப் பார்த்திருக்கும். ஆகவே இரவு எட்டு மணிக்குமேல் டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் உடுக்கு தானாக விழும். நேரே முன்னால் வெளிச்சம் அடித்தால் வயிறு பளபளத்து அந்தக் குறி வெள்ளைத் திட்டாகிப் போகும்.

கைத்தொலைபேசியில் கொழுவும் மேக்ரோ வில்லை இந்த வேலைக்குச் சரிவராது. 10 மடங்கு, 15 மடங்கு வில்லைகள் 2, 3 சென்ரிமீற்றர் கிட்டப் போனால்தான் தெளியும். அதற்குள் போன் வலையில் இடித்து, சிலந்தி ஓட்டைக்குள் போய்விடும். விலை குறைந்த போன்களில் வரும் 2 மெகாபிக்சல் மேக்ரோ கமராவும் அப்படியே. முள்ளெல்லாம் பஞ்சாகித் தெரியும். முதன்மைக் கமராவை 2 மடங்குக்கு வைத்து, 15 முதல் 20 சென்ரிமீற்றர் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டுங்கள். வெட்டுவதைப் பதிவேற்ற முன்பே செய்யவேண்டும். ஐநேச்சுரலிஸ்ட் எந்தப் படத்தையும் 2048 பிக்சலுக்குச் சுருக்கித்தான் வைக்கும். 50 மெகாபிக்சல் படத்தின் ஒரு மூலையில் பொட்டுப்போல் இருக்கும் சிலந்தி அந்தச் சுருக்கலில் காணாமலே போய்விடும்.

செயலிக்கு வருவோம். 2008 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் பட்டமேற்படிப்பு வேலையாகத் தொடங்கியது. 2023 முதல் தனி இலாபநோக்கற்ற நிறுவனம். காசு இல்லை, விளம்பரம் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து வைத்து, வீடு வந்து ஏற்றலாம். கணக்குத் திறந்த கையோடு இரண்டு விடயத்தைச் சரிசெய்யுங்கள். ஒன்று, போன் கமராவில் இடக்குறியைப் போட்டு வைப்பது. மற்றது, படங்களுக்கும் பதிவுகளுக்கும் உரிய உரிமம். வணிகமல்லாத பயன்பாட்டுக்குத் திறந்த கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டால் உறுதியான பதிவுகள் ஜிபிஃப் என்ற உலகத் தரவகத்துக்குப் போகும். ஆய்வாளர்கள் தேடுவது அங்கேதான். ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று மாற்றினால் அது போகாது, நீங்கள் பட்ட பாடும் செயலிக்குள்ளேயே நின்றுவிடும்.

மற்றவர் எடுத்த படத்தை வட்சப்பில் வாங்கி ஏற்றுவது இங்கே நடக்கும் பெரிய பிழை. வட்சப் படத்தைச் சுருக்கும்போது உள்ளே பொதிந்த திகதியையும் இடத்தையும் கழித்துவிடும். ஏற்றும் நாளும் ஏற்றும் வீடும் கண்ட நாளாகவும் கண்ட இடமாகவும் போய் உட்காரும். படத்தை ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படியென்றால் தகவல் கழியாது. அதைவிட நல்லது, எடுத்தவரையே கணக்குத் திறந்து போடச் சொல்வது.

இடப்புள்ளிக்குத் திருகோணமலையில் தனிக் கவனம் வேண்டும். ஊரின் கரை மடிந்து மடிந்து போகிறது. உட்துறைமுகம் ஒரு பக்கம், கொட்டியாரக்குடா ஒரு பக்கம், பின்குடா இன்னொரு பக்கம். கொங்கிறீற் கட்டடத்துக்குள் நின்று பதிந்தால் ஜிபிஎஸ் நூறு மீற்றர் தள்ளுவது பெரிய விடயமே இல்லை, சிலந்தி கடலில் நீந்தும். புள்ளியைச் சுற்றி வரும் வட்டத்தைப் பாருங்கள், அதுதான் துல்லியம். செய்மதிப் படத்துக்கு மாற்றி, கூரையைக் கண்டுபிடித்து, புள்ளியைக் கையால் வைத்து, வட்டத்தை 20 அல்லது 30 மீற்றருக்குக் குறையுங்கள். தேடற்பெட்டியில் வெறுமனே ஊர்ப்பெயரைத் தட்டினால் ஊர் நடுவில் புள்ளியும் கிலோமீற்றர் கணக்கில் வட்டமும் விழும். அந்தப் பதிவை வைத்து, பூச்சி துறைமுகத்திலிருந்து வந்ததா விடுதிப் பக்கமிருந்தா என்று யாரும் சொல்லமுடியாது.

சொந்த வீட்டில் கண்டதென்றால் முகவரி வெளியே தெரியுமே என்ற தயக்கம் நியாயமானது. அதற்குச் செயலி தரும் வழி இடத்தை மறைத்தல். மறைத்தால் பொதுவில் தெரியும் புள்ளி 0.2 பாகைச் சதுரத்துக்குள், அதாவது ஒரு பக்கம் 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சதுரத்தில், எங்காவது விழும். திருகோணமலை நகர வீட்டைப் பதிந்தால் மூதூரிலும் விழலாம், குடாவின் நடுவிலும் விழலாம். வேட்டையாடி விற்கப்படும் இனத்துக்கு அது தேவை. மரங்களில் வாழும் போசிலோதீரியா பெருஞ்சிலந்திகள் 2019 இல், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கண்டால் கட்டாயம் மறையுங்கள். புதிதாய் வந்து பரவும் இனத்துக்கு அது கேடு, பரவிய வழியே அழிந்துபோகும். நாங்கள் சொல்லும் வழி: மறைக்காமல், புள்ளியை ஒழுங்கை முகப்புக்கு நகர்த்தி, வட்டத்தை வீடும் உள்ளே அடங்கும்படி 150 அல்லது 200 மீற்றருக்குப் பெருப்பியுங்கள். பொய்யும் இல்லை, வீடும் தெரியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்படைத் தளத்தை அண்டியும் கமராவைத் தூக்கமுதல் அனுமதி உள்ள இடமா என்று கேட்டுவிடுங்கள்; சிலந்தியைத்தான் எடுத்தேன் என்று விளங்கப்படுத்த நேரம் எடுக்கும்.

அடுத்தது பெயர்ப் பரிந்துரை. செயலியின் பெருமையும் இதுதான், எங்கள் மனக்குறையும் இதுதான். படத்தை ஏற்றியதும் ஒத்த தோற்றமுள்ள இனங்களைக் காட்டும். கூடவே ‘இப்பகுதியில் எதிர்பார்க்கப்படுவது’ என்ற வடிகட்டியும் வேலை செய்யும். ஏற்கெனவே சுற்றுவட்டாரத்தில் பதிவான இனங்களுக்கு முன்னுரிமை. வண்ணத்துப்பூச்சிக்கும் கொக்குக்கும் இது கெட்டித்தனமான ஏற்பாடு. ஆனால் புதிதாய் வந்த இனம் என்பதே இப்பகுதியில் எதிர்பார்க்கப்படாததுதானே! தேடுகிற பூச்சியையே வடிகட்டி ஒளித்துவைக்க முடியும். ஆகவே ஒருதடவை வடிகட்டியோடும் ஒருதடவை அதை நீக்கியும் பாருங்கள். நீக்கினால் எதிர்ப்பக்கத் தொல்லை: உலகில் அதிகம் படம் எடுக்கப்பட்ட இதே பேரினத்தின் அமெரிக்கக் கறுப்புச் சிலந்திகளும் வரிசையில் வந்து நிற்கும். இரண்டையும் பார்த்தபின் பையில் முள் உண்டா என்பதைக் கொண்டு நீங்களே முடிவெடுங்கள். முள்ளும் இல்லை, வயிற்றுப் படமும் இல்லையென்றால் ‘லாட்ரோடெக்டஸ்’ என்று பேரினத்தோடு நிறுத்துவதில் வெட்கம் ஒன்றுமில்லை. பிழையான இனப்பெயரைவிடச் சரியான பேரினப் பெயர் எவ்வளவோ மேல். இனப்பெயருக்குப் பக்கத்தில் ‘அறிமுகமானது’ என்ற குறி வரவில்லை என்பதற்காக உள்ளூர் இனம் என்று நினைக்கவேண்டாம். அந்தக் குறி யாராவது ஒருவர் நாட்டுப் பட்டியலில் கையால் போட்டிருந்தால்தான் வரும்.

பதிவு ‘றிசேர்ச் கிரேட்’ என்ற ஆய்வுத் தரத்தைப் பெற, திகதி, இடம், படம் மூன்றும் இருந்து, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இனப்பெயரில் ஒத்துப்போகவேண்டும். நடைமுறையில் இரண்டுபேர் போதும். இங்கேதான் கூட்டாளிமார் வந்து ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று அமத்தி விடுவது. சிலந்தி தெரியாத இரண்டுபேர் ஒத்துப்போனாலும் செயலி பச்சைக்கொடி காட்டும், பதிவு ஜிபிஃப் வரை போய்விடும். படத்தில் தானாகக் குறியைக் காணாத எவரும் அந்தப் பொத்தானைத் தொடக்கூடாது. ஒரு பதிவு ஒரு பூச்சிக்கு மட்டும். இரண்டு கதிரையில் இரண்டு பெண் சிலந்தி என்றால் இரண்டு பதிவு. நாலு வகைப் பூச்சியின் படத்தை ஒரே பதிவில் போட்டால் ‘சிலந்திகள்’ என்ற மட்டத்தில் அது நிரந்தரமாகத் தேங்கிவிடும்.

‘வளர்ப்புப் பிராணியா?’ என்ற கேள்வியில் பலர் தடுமாறுகிறார்கள். கொள்கலனில் ஒளிந்து வந்த சிலந்தியை மனிதர் கொண்டுவந்தார்களே என்று வளர்ப்பாகக் குறிப்பது பிழை. மனிதர் வேண்டுமென்றே அங்கே வைத்திருந்தால்தான் அது வளர்ப்பு; ஒளிந்து வந்தது காட்டுப் பிராணிதான். போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து படம் எடுத்தால், படம் எடுத்த மேசையின் இடத்தைப் போடாமல் பிடித்த இடத்தையும் பிடித்த நாளையும் போடுங்கள்.

குறிப்புப் பகுதியைப் பெரும்பாலானோர் வெறுமையாக விடுவது பெரிய நட்டம். வந்திறங்கியதா, குடியேறிவிட்டதா என்பதை ஒரு படம் சொல்லாது. அன்று இறக்கிய தளபாடத்தில் ஒரு பெண் சிலந்தி இருந்தால் அது வந்திறங்கியது, அவ்வளவே. பழைய பையும் புதிய பையும் குஞ்சுகளும் ஆணும் ஒரே இடத்தில் இருந்தால் கதை வேறு. ஆணைத் தேடிப் பாருங்கள். 3, 4 மில்லிமீற்றர்தான், மெலிந்த உடல், முகத்துக்கு முன்னால் குத்துச்சண்டைக் கையுறை போட்டதுபோல் இரண்டு உருண்டை. குறிப்பில் இவ்வளவு போதும்: ‘பெண் 2, ஆண் 0, பை 5 (ஓட்டை விழுந்தது 2), பிளாஸ்ரிக் கதிரை அடி, தரையிலிருந்து 40 செ.மீ., கதிரை நான்கு மாதமாக இதே இடத்தில்.’ கடைசிச் சொற்றொடர்தான் தங்கம். தமிழில் எழுதலாம், வெளிநாட்டு அடையாளகர்களும் பார்ப்பார்கள் என்பதால் எண்ணிக்கையை ஆங்கிலத்திலும் ஒருமுறை போட்டுவிடுங்கள்.

இந்தச் சேவையில் அடியோடு இல்லாத ஒன்று, ‘தேடினேன், இல்லை’ என்பதைப் பதியும் வசதி. கண்டதை மட்டும்தான் அது வாங்கும். புதிதாய் வரும் இனத்தைப் பொறுத்தவரை இது சின்னக் குறையல்ல. இந்த வருடம் ஒரு விடுதியில் 60 கதிரை புரட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தால்தான், அடுத்த வருடம் காணும் மூன்று பைகளுக்கு அர்த்தம் வரும். இல்லாவிட்டால் பூச்சி புதிதா, பார்க்கிற கண் புதிதா என்று பிரித்தறிய வழியில்லை. இதற்கு ஒரு கொப்பியோ விரிதாளோ வேண்டும்: திகதி, இடம், என்ன பொருள், எத்தனை பார்த்தது, எத்தனை பேர், எத்தனை நிமிடம், கண்டது எத்தனை. சைபரையும் எழுதவேண்டும்.

இதே நிறுவனத்தின் ‘சீக்’ செயலி கமராவை நீட்டியதும் பெயர் சொல்லும், கணக்குக்கூட வேண்டாம். பிள்ளைகளுக்கு நல்லது, பதிவுக்கு உதவாது. கூகிள் லென்ஸும் பெயரோடு நின்றுவிடும். பதிவு என்று வந்தால் ஐநேச்சுரலிஸ்ட்டுக்கு மாற்று இப்போதைக்கு எங்கள் பார்வையில் இல்லை.

நாட்டுக்கோ மாகாணத்துக்கோ முதற் பதிவு என்று ஆய்விதழில் எழுதும் எண்ணமிருந்தால் படம் மட்டும் போதாது. 70 முதல் 80 வீத எதனோலில் வைத்த மாதிரியும், பென்சிலால் எழுதி உள்ளேயே போட்ட துண்டும் வேண்டும். பேனை மை எதனோலில் கரைந்துவிடும். பிடிக்கமுதல் வனசீவராசிகள் திணைக்களத்திடம் அனுமதி கேளுங்கள். நாட்டுக்கு வெளியே தபாலில் அனுப்பும் யோசனையே வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து அதே கதிரைக்குப் போனால் புதிய படங்களைப் பழைய பதிவில் சொருகாதீர்கள். புதிய திகதியோடு புதிய பதிவு போட்டு, பழையதன் இணைப்பைக் குறிப்பில் ஒட்டுங்கள். கதிரையைக் கழுவிவிட்டார்கள், வலையே இல்லை என்றால், அதைக் கொப்பியில் எழுதுங்கள்.